குத்துச்சண்டை வீரர்களின் வாழ்க்கைப் படங்கள்: எதிர் மூலையில் நிற்பவரைக் கவனியுங்கள்

புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில் எவற்றைப் பார்க்கலாம், அவற்றில் காட்டப்படுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்த வகைப் படங்களில் உண்மைக்கு எங்கே மரியாதை குறைகிறதோ, அங்கேயே பெரும்பாலும் கலையும் தளர்ந்துவிடுகிறது என்பது பல ஆண்டுகளாக இவற்றைப் பார்த்துவரும் என் எண்ணம்.

குத்துச்சண்டை வீரரின் தொழில் வாழ்க்கை முழுவதும் பதிவேட்டில் இருக்கிறது. எந்த நாள், எந்த ஊர், எதிராளி யார், எந்தச் சுற்றில் எத்தனையாவது நொடியில் சண்டை முடிந்தது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆகவே யார் வென்றார் என்பதில் இயக்குநர் பொய் சொல்வது கடினம். கதையை வளைக்க அவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று, கதையை எந்த நாளில் நிறுத்துவது என்ற முடிவு. மற்றொன்று, எதிர் மூலையில் நிற்கும் மனிதரை எப்படிக் காட்டுவது என்ற முடிவு. ஒரு படத்தை எடைபோட இந்த இரண்டையும் பார்த்தாலே போதும். இரண்டாவதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, 2005இல் ரான் ஹோவர்ட் இயக்கத்தில் ரஸ்ஸல் குரோ நடித்து வெளிவந்த ‘சிண்ட்ரெல்லா மேன்’. ஜேம்ஸ் பிராடக் என்ற ஹெவிவெயிட் வீரர் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, உடைந்த வலக்கையோடு கப்பல்துறையில் கூலி வேலை செய்து, அரசின் நிவாரணப் பணத்தில் குடும்பத்தைக் காப்பாற்றி, பிறகு மறுபடியும் சண்டையிடத் தொடங்கி, 1935 ஜூன் 13 அன்று நியூயார்க்கில் மாக்ஸ் பேயரை 15 சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். பந்தயக்காரர்கள் அவருக்கு எதிராகப் பத்துக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். வாங்கிய நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதும் உண்மையே. படத்தின் இந்தப் பாதி நேர்மையானது, நெகிழ வைப்பதும்கூட.

பேயரைக் காட்டிய விதத்தில்தான் படம் தவறுகிறது. இரண்டு பேரை மேடையில் கொன்றவர், அதை எண்ணிச் சிரிப்பவர், எதிராளியின் மனைவியிடமே ஆபாசமாகப் பேசுபவர் என்று அவரைப் படம் வரைகிறது. 1930இல் சான் பிரான்சிஸ்கோவில் அவருடன் மோதிய ஃபிராங்கி காம்ப்பெல் இறந்தது உண்மை. அந்தச் சாவு பேயரை நெடுங்காலம் வாட்டியது. காம்ப்பெலின் குடும்பத்துக்கு அவர் பொருளுதவியும் செய்தார். இரண்டாமவரான எர்னி ஷாஃப், 1932இல் பேயரிடம் கடுமையாக அடிவாங்கினார் என்றாலும், இறந்தது 1933 பிப்ரவரியில், பிரிமோ கார்னெராவுடன் மோதிய சில நாட்களில். அதே 1933 ஜூன் மாதம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்த ஜெர்மனியின் நட்சத்திர வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை யாங்கி ஸ்டேடியத்தில் பேயர் வீழ்த்தியபோது, அவருடைய காற்சட்டையில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம் தைக்கப்பட்டிருந்தது. அந்த நாட்களில் அது எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதைப் படம் எடுத்துச் சொல்வதில்லை. பேயர் 1959இலேயே இறந்துவிட்டார். நடிகரான அவருடைய மகன்தான் இந்தச் சித்திரிப்பை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது ஊகிக்கக் கூடியதுதான். பிராடக்கிடம் சொல்லிக்கொள்ளும்படியான குறை எதுவும் இல்லை. நல்ல கணவர், நல்ல தந்தை, கடன் வைக்காதவர். அவருடைய உண்மையான எதிரி வறுமை. ஆனால் பெருமந்தத்தின் தாடையில் யாரும் குத்துவிட முடியாது. ஆகவே அதற்கு ஓர் உடலும் முகமும் தேவைப்பட்டன, பேயர் கிடைத்தார். பிராடக்கும் வெறும் ஏழை மட்டுமல்லர், கணக்குத் தெரிந்தவர். 1937 ஜூன் மாதம் சிகாகோவில் ஜோ லூயிஸிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்து பட்டத்தை இழந்தார். ஆனால் அந்தச் சண்டைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே, லூயிஸின் சண்டைகளால் வரும் வருமானத்தில் அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பத்து விழுக்காடு தமக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். கறுப்பின வீரர் ஒருவர் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பைப் பெற என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்த ஒப்பந்தம் காட்டுகிறது. படத்தின் கதையோ இதற்கெல்லாம் முன்பே, வெற்றி இரவோடு முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேயரே ஒரு திரைப்பட நடிகர். 1933இல் ‘தி ப்ரைஸ்ஃபைட்டர் அண்ட் தி லேடி’ படத்தில் அவர் கதாநாயகன். கார்னெரா அதில் கார்னெராவாகவே வந்து அவருடன் மோதினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நிஜ மேடையில் பேயர் அவரைத் திரும்பத் திரும்பக் கீழே சாய்த்து உலகப் பட்டத்தைப் பறித்தார். 1956இல் ‘தி ஹார்டர் தே ஃபால்’ வந்தது. ஹம்ஃப்ரி போகார்ட்டின் கடைசிப் படம் அது. பெயர்களை மாற்றியிருந்தாலும் அது கார்னெராவின் கதைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்னெராவும் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்து தோற்றார். அந்தப் படத்தில், மேடையில் ஒருவர் இறந்ததற்கு உண்மைக் காரணம் தானே என்று பெருமையடித்துக்கொள்ளும் முரட்டுச் சாம்பியனாக நடித்தவர் மாக்ஸ் பேயர். தம்மைக் கொடியவராகக் காட்டும் பாத்திரத்தை அவர் தாமே ஏற்று, தாமே நடித்தார். அரை நூற்றாண்டு கழித்து இன்னொருவர் அதே வேடத்தை அவருடைய சொந்தப் பெயரிலேயே நடித்தபோது, மறுத்துப் பேச அவர் உயிருடன் இல்லை.

எதிர் மூலையில் நின்றவர் உயிருடன் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1999இல் நார்மன் ஜுவிசன் இயக்கிய ‘தி ஹரிக்கேன்’ சான்று. ரூபின் கார்ட்டர் என்ற மிடில்வெயிட் வீரர், 1966இல் நியூஜெர்சி மாநிலத்தின் பாட்டர்சன் நகர மதுக்கூடம் ஒன்றில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 1967இலும், மறுவிசாரணைக்குப் பின் 1976இலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1985இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணையால் விடுதலையானார். அரசுத் தரப்பு அறிவுக்கு மாறாக இனவெறுப்பை முன்னிறுத்தியது, வெளியிட வேண்டியவற்றை மறைத்தது என்று அந்த நீதிபதி எழுதினார். ஒரு படத்துக்கு இதைவிட வலுவான கரு வேண்டியதில்லை. டென்சல் வாஷிங்டனின் நடிப்பும் அந்தக் கருவின் கனத்தைத் தாங்கக்கூடியது.

ஆனால் நீதிமன்றத்தில் நடந்த அநீதிக்கு முன்னோட்டமாக மேடையிலும் ஓர் அநீதி நடந்ததாகக் காட்டினால் கதைக்கு நல்லது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 1964 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் சாம்பியன் ஜோயி ஜார்டெல்லோவுடன் கார்ட்டர் பட்டத்துக்காக மோதினார். படத்தில் ஜார்டெல்லோ இரத்தம் வழியத் தடுமாறுகிறார்; நடுவர்கள் நிறம் பார்த்து அவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஜார்டெல்லோவே வென்றார் என்று கருதினார்கள். முதுமையில் தம் வாழ்நாள் சாதனை திரையில் மோசடியாக மாற்றப்பட்டதைக் கண்ட அவர் வழக்குத் தொடர்ந்தார், வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஒருவருக்கு நேர்ந்த அநீதியை எடுத்துக்காட்ட இன்னொருவருக்கு அநீதி செய்த இந்தக் காட்சி, படத்துக்கு ஏற்படுத்திய சேதமே அதிகம். ஒரு காட்சியில் பொய் இருப்பது தெரிந்துவிட்டால், நீதிமன்றக் காட்சிகளில் உள்ள உண்மையையும் பார்வையாளர் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

இப்போது 1980இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய ‘ரேஜிங் புல்’ படத்துக்கு வரலாம். ஜேக் லமோட்டாவின் தன்வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படத்தில் எதிரி என்று எவருமே இல்லை. சுகர் ரே ராபின்சனுடன் லமோட்டா ஆறு முறை மோதி, 1943இல் ஒரே ஒரு முறை வென்றார். கடைசி மோதல், 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில், பதின்மூன்றாவது சுற்றில் நிறுத்தப்பட்டது. படத்தில் ராபின்சன் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. கோபமும் இல்லை, வன்மமும் இல்லை. வேலையைச் செய்ய வந்தவர் போல வருகிறார், செய்துவிட்டுப் போகிறார். மனைவியையும் தம்பியையும் சந்தேகித்து, அடித்து, எல்லோரையும் விரட்டிவிட்டுத் தனியாக நிற்கும் லமோட்டாவுக்கு வேறு வில்லன் தேவைப்படவில்லை. 1947இல் பில்லி ஃபாக்ஸிடம் அவர் வேண்டுமென்றே தோற்றதையும் படம் மறைப்பதில்லை. அதை லமோட்டாவே 1960இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இந்தப் படத்திலும் புனைவு உண்டு: தம்பி ஜோயி பாத்திரத்தில், லமோட்டாவின் நூலைச் சேர்ந்து எழுதிய நண்பரின் செயல்களும் கலந்திருக்கின்றன. ஆனால் அந்தப் புனைவு நாயகனை உயர்த்துவதற்காகச் செய்யப்பட்டதன்று.

சண்டைக் காட்சிகளைப் படமாக்கிய முறையும் இதே பார்வையிலிருந்து பிறந்தது. அதுவரை பெரும்பாலான படங்களில் கேமரா கயிற்றுக்கு வெளியே, பார்வையாளர் இருக்கையில் இருந்தது. ஸ்கார்செஸி அதை மேடைக்குள் கொண்டுவந்து, லமோட்டாவின் மனநிலைக்கு ஏற்ப மேடையின் அளவையே மாற்றினார். சில சண்டைகளில் அது அகன்ற வெளி, சிலவற்றில் மூச்சு முட்டும் அறை. தெல்மா ஸ்கூன்மேக்கரின் படத்தொகுப்பும் ராபர்ட் டி நீரோவின் நடிப்பும் ஆஸ்கர் விருது பெற்றன. டி நீரோ லமோட்டாவிடமே பயிற்சி பெற்றார். பிறகு, லமோட்டாவின் பிற்கால வாழ்க்கைக் காட்சிகளுக்காகப் படப்பிடிப்பை நிறுத்திவைத்துச் சுமார் 27 கிலோ எடை கூட்டினார். இந்த எடைக் கதை பின்வந்த நடிகர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு புதிய படத்துக்கும் நாயகன் எத்தனை கிலோ ஏற்றினார், எத்தனை மாதம் பையைக் குத்தினார் என்ற செய்திகள்தாம் முதலில் வருகின்றன. தோள்களை ஓராண்டில் வளர்த்துவிடலாம். குத்துச்சண்டை தெரிந்தவர் கண் போவதோ கால்களின் மேல். எடை எந்தக் காலில் நிற்கிறது, குத்தியபின் உடல் எப்படி மீள்கிறது என்பதை நடிப்பால் மறைப்பது அரிது.

அதனால்தான் சில இயக்குநர்கள் எதிராளிகளுக்கு உண்மையான வீரர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். 2001இல் மைக்கேல் மான் எடுத்த ‘அலி’யில் ஜோ ஃபிரேசியராக வந்தவர் ஜேம்ஸ் டோனி, சன்னி லிஸ்டனாக வந்தவர் மைக்கேல் பெண்ட், இருவரும் உலகப் பட்டம் வென்றவர்கள். வில் ஸ்மித்தின் உழைப்பும் பேச்சும் வியக்கத்தக்கவை. ஆனாலும் முகமது அலியைப் பற்றிய நடிப்புப் படங்களுக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு: அலியைவிடச் சிறப்பாக அலியை நடிக்கக் கூடியவர் எவரும் இல்லை, அந்த அசல் நடிப்பு மணிக்கணக்கில் படச்சுருளில் இருக்கிறது. 1977இல் ‘தி கிரேட்டஸ்ட்’ படத்தில் அலியே அலியாக நடித்துப் பார்த்தார். வசனத்தை ஒப்பித்த அலி, செய்தியாளர் முன் வாய்க்கு வந்ததைப் பேசிய அலிக்கு ஈடாகவில்லை. ஆகவே அலியைப் பற்றி ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால், நடிப்புப் படத்தை விட்டுவிட்டு ‘வென் வீ வேர் கிங்ஸ்’ என்ற ஆவணப்படத்தைப் பாருங்கள். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை அலி எட்டாவது சுற்றில் வீழ்த்தியதைச் சுற்றி லியோன் காஸ்ட் எடுத்த காட்சிகள், பணச் சிக்கல்களால் முடங்கிக் கிடந்து 1996இல்தான் முழுப்படமாக வெளிவந்து ஆஸ்கர் பெற்றன.

மைக்கேல் மானின் படமும் அந்த இரவோடுதான் முடிகிறது. பின்னர் மணிலாவில் ஃபிரேசியருடன் நடந்த சண்டை, லாரி ஹோம்ஸிடம் பட்ட அடி, நடுக்கு நோய் ஆகியவை அதில் இல்லை. 2023இல் ஃபோர்மனின் வாழ்க்கை தனியே படமானபோது அதே கின்ஷாசா இரவு கதையின் நடுவில் வருகிறது; அது ஒருவனுடைய முடிசூட்டு விழாவாக இல்லாமல், இன்னொருவன் நொறுங்கிப்போய், மத போதகராகி, 45 வயதில் 1994இல் மீண்டும் பட்டம் வெல்வதற்கு முந்திய ஒரு தோல்வியாக ஆகிவிடுகிறது. படமாக அது சுமாரானது, பாதி வரை ஊர்கிறது. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, கடிகாரத்தை எங்கே நிறுத்துவது என்ற முடிவே கதையின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது புரியும்.

அந்த முடிவில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 1956இல் பால் நியூமன் ராக்கி கிரேசியானோவாக நடித்த ‘சம்படி அப் தேர் லைக்ஸ் மீ’, டோனி ஸேலை கிரேசியானோ வென்ற 1947 சண்டையோடு நிறைவடைகிறது. பதினொரு மாதம் கழித்து ஸேல் அவரை மூன்றே சுற்றில் படுக்க வைத்துப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது கதைக்கு வெளியே விடப்பட்டது. 2016இல் வந்த ‘பிளீட் ஃபார் திஸ்’, கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த வின்னி பசியென்சாவின் மறுவருகையை ராபர்ட்டோ டுரானுடனான சண்டையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அது நடந்தது 1994இல், அவர் மேடைக்குத் திரும்பியதோ 1992 டிசம்பரிலேயே. பெரிய பெயரோடு முடித்தால் விளம்பரம் எளிது. இதற்கு மாறாக, 2010இன் ‘தி ஃபைட்டர்’ மிக்கி வார்டின் புகழுக்கே காரணமான ஆர்ட்டுரோ காட்டியுடனான மூன்று சண்டைகளைத் தொடவே இல்லை. 2000இல் லண்டனில் கிடைத்த வெற்றியோடு நின்றுவிடுகிறது. போதைப் பழக்கத்தில் சிக்கிய அண்ணனும் அவர் நிழலில் வளர்ந்த தம்பியும் ஒருவரையொருவர் மீட்டெடுக்கும் கதை அங்கே முடிந்துவிட்டது என்பதால் இந்த நிறுத்தம் சரியானது. அண்ணனாக நடித்த கிறிஸ்டியன் பேலும் தாயாக நடித்த மெலிசா லியோவும் ஆஸ்கர் பெற்றார்கள். வார்டின் பயிற்சியாளராக இருந்த காவல்துறைக்காரர் படத்தில் தாமாகவே நடித்திருப்பது இன்னொரு சுவை.

இந்தியாவிலிருந்து வந்த ‘மேரி கோம்’ (2014) இந்தச் சோதனையில் பாதிதான் தேறுகிறது. இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபின் மேடைக்குத் திரும்பி 2008இல் உலகப் பட்டம் வென்றதோடு படம் நிற்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலம் பார்வையாளர் அனைவருக்கும் தெரிந்திருந்த நிலையில், தாய்மைக்குப் பின் கிடைத்த வெற்றியை முடிவாகத் தேர்ந்தெடுத்தது துணிச்சலான முடிவே. ஆனால் மணிப்பூர்ப் பெண்ணின் வேடத்துக்கு அந்த நிலத்தைச் சேர்ந்த நடிகையைத் தேடாமல் பிரியங்கா சோப்ராவைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கிளர்ச்சிக் குழுக்கள் இந்திப் படங்களுக்கு விதித்திருந்த தடையால், படம் மணிப்பூர்த் திரையரங்குகளில் வெளியாகவும் இல்லை. எதிராளிகளோ வெறும் நாட்டுப் பெயர் தாங்கிய கையுறைகளாகவே வந்துபோகிறார்கள்.

தோற்றவரையே நாயகனாக்கிய படம் வேண்டுமென்றால், ஃபின்லாந்தின் யூஹோ குவோஸ்மனென் 2016இல் இயக்கிய, ஒல்லி மாக்கியின் ‘வாழ்வில் மிக மகிழ்ச்சியான நாள்’ பற்றிய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பாருங்கள். 1962 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கியில் அமெரிக்கச் சாம்பியன் டேவி மூருடன் மோத ஒரு நாடே அவரை முன்னே தள்ளுகிறது. அவரோ காதலில் விழுந்திருக்கிறார். இரண்டாவது சுற்றிலேயே சண்டை முடிந்துவிடுகிறது. தலைப்பில் சொன்ன மகிழ்ச்சி எது என்பது அதன் பிறகே தெரிகிறது. டேவி மூரை அந்தப் படம் ஒரு விருந்தினராக, களைப்பும் கண்ணியமும் உள்ள தொழிலாளியாகக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மூர் மேடையில் பட்ட அடியால் இறந்தார் என்பது தெரிந்து பார்ப்பவருக்கு அந்தச் சில காட்சிகளின் கனம் வேறு.

கடைசியாக, ஒரே சண்டை இரண்டு மூலைகளிலிருந்தும் படமான கதை ஒன்று. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ, லைட்வெயிட் சாம்பியன் ரே மன்சினியுடன் மோதி, பதினான்காவது சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் இறந்தார். உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைக்கப்பட்டதற்கு அந்தச் சாவே உடனடித் தூண்டுதல். கிம்மின் வறிய இளமையையும் காதலையும் 2002இல் குவாக் கியுங்-டேக் ‘சாம்பியன்’ என்ற பெயரில் படமாக்கினார். அதில் மன்சினி கொலைகாரரல்லர், கிம் போகும் பாதையின் முடிவில் நிற்கும் இன்னொரு இளைஞர், அவ்வளவே. மன்சினியின் பக்கத்தை 2013இல் வந்த ‘தி குட் சன்’ என்ற ஆவணப்படம் சொல்கிறது. கிம் இறந்தபோது அவருடைய காதலி கருவுற்றிருந்தார். அப்போது பிறந்த மகன் வளர்ந்து ஆளாகி, தாயுடன் அமெரிக்காவுக்கு வந்து, தன் தந்தையின் எதிர் மூலையில் நின்ற மனிதரை அவர் வீட்டிலேயே சந்திப்பது அந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது.